வீட்டில் நடந்ததும் அட்டையில் உள்ளதும்

ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் பொழுது சாய்வதற்குள் தெரு முழுவதும் அறிந்துவிடுகிறது. பெண்ணுக்கு விவாகம் நிச்சயமானால் ஊரே அறிகிறது. ஒருவர் இறந்துவிட்டாலோ, சொல்லி அனுப்புவதற்கு முன்பே உறவினர் வாசலில் வந்து நிற்கிறார்கள். ஆனால் அதே வீட்டின் அலமாரியில் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும் குடும்ப அட்டை இவற்றில் ஒன்றையும் அறியாமல், ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பிருந்த குடும்பத்தையே இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிறது. காலமாகிவிட்ட பாட்டனாரின் பெயர் அதில் இருக்கிறது. புக்ககம் சென்று இரண்டு குழந்தைகளுக்குத் தாயாகிவிட்ட மகளின் பெயரும் பிறந்த வீட்டு அட்டையிலேயே இருக்கிறது. அவள் பெற்ற குழந்தைகளின் பெயர்களோ எந்த அட்டையிலும் இல்லை.

அரசாங்கத்தின் உதவியைப் பெறும் குடும்பம், தன்னில் நேரும் மாறுதல்களை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி, உதவி அளிக்கும் நாடுகள் பலவற்றில் உண்டு. தமிழ்நாட்டிலும் உண்டு. இதைக் கேட்ட மாத்திரத்தில், ஏமாற்றுவோரைப் பிடிப்பதற்காக ஏற்பட்ட விதி என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில், மாறுதலைத் தெரிவிக்காமல் விடுவதனால் சர்க்காருக்கு ஏற்படும் நஷ்டத்தைவிட, அந்தக் குடும்பத்திலேயே மிகவும் பலவீனமான நிலையில் உள்ளவர்களுக்கு ஏற்படும் நஷ்டமே பெரிது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறுகிறவர்கள் யார்? புதுமணப் பெண், அவள் பெற்ற சிசு, கணவனை இழந்தவள், கணவனைப் பிரிந்து வந்தவள், மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் இடையே காலத்தைக் கழிக்கும் முதியவர். பெயர் எங்கே இருக்கிறது என்ற கேள்வி, பிறந்த வீட்டிலேயே இருந்து சம்பாதிக்கும் ஆண்மகனுக்கு ஆயுள் முழுவதும் எழாமலே போகலாம்; மேற்சொன்னவர்களுக்கு அது அடிக்கடி எழுகிறது.

குடும்ப அட்டையின் சரித்திரம் நீளமானது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அரிசிக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டினால் சென்னையில் பங்கீட்டு முறை வந்தது; 1952 ஜூன் மாதத்தில், ராஜாஜி முதன்மந்திரியாக இருந்தபோது, உணவுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது; பிற்பாடு பொது விநியோகம் வேறு உருவில் வளர்ந்து, 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றி, 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு விலையின்றியே அரிசி கிடைக்கலாயிற்று. பாராளுமன்றம் 2013-இல் இயற்றிய தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மற்ற ராஜ்யங்கள் பலவற்றில் ஏழை, ஏழை அல்லாதவர் என்று பிரித்து ஒரு பகுதியினருக்கு மட்டும் வழங்குகையில், இங்கே முன்னுரிமை அட்டை, முன்னுரிமையற்ற அட்டை என்று பெயர்கள் ஏற்பட்டனவே தவிர, எல்லோருக்கும் பொதுவான விநியோகம் கைவிடப்படவில்லை. இது தமிழ்நாடு பெருமைப்படத் தக்க தீர்மானம். 2017 முதல் பழைய காகிதப் புத்தகம் போய், கைக்கு அடக்கமான மின்னணு அட்டை வந்தது. இன்று 2 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான அட்டைகள் புழக்கத்தில் இருக்கின்றன.

அட்டை பெறுவதற்கு எது குடும்பம்? விதியின் பாஷை இங்கே மிகவும் எளிமையானது. தமிழ்நாட்டில் தனியே வசித்து, தனியே சமைத்து உண்பவர்களாக இருக்க வேண்டும். இந்தியாவில் வேறெங்கும் குடும்ப அட்டை இருக்கக் கூடாது. எந்த உறுப்பினரின் பெயரும் மற்றோர் அட்டையில் இடம் பெற்றிருக்கக் கூடாது. உத்தியோகஸ்தர் ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரிக்கும்போது அடுப்பையும் கேஸ் இணைப்பையும் பற்றிக் கேட்பது இதனால்தான். ஓர் அடுப்பு, ஓர் அட்டை என்பதே அடிப்படை. ஆகவே அண்ணன் தம்பிகள் உலை பிரித்தால் அது தெரிவிக்க வேண்டிய மாறுதல். பிரிந்தவர்கள் மீண்டும் சேர்ந்தாலும் அப்படியே. பிறப்பு, விவாகம், மரணம், வீடு மாறுதல், குடும்பத் தலைவர் மாறுதல், கைபேசி எண் மாறுதல் ஆகியவையும் தெரிவிக்க வேண்டியவையே. வெளி ராஜ்யத்துக்கோ அயல்நாட்டுக்கோ குடிபெயர்ந்தால் அட்டையையே ஒப்படைத்துவிட வேண்டும்.

தெரிவிக்கும் இடமும் வழியும் பலருக்கும் தெரிந்தவைதாம். உணவுப் பொருள் வழங்கல் துறையின் இணையதளத்தில், அட்டையோடு பதிவு செய்த கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணைக் கொண்டு நாமே உள்ளே சென்று விண்ணப்பிக்கலாம். இணையப் பழக்கம் இல்லாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம். தாலுகா ஆபீஸில் இருக்கும் வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்து மூலமாகவும் கொடுக்கலாம். சென்னையில் அந்த அதிகாரம் மண்டல உதவி ஆணையரிடம் இருக்கிறது. ரேஷன் கடைக்காரரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வருவது தெரிவித்ததாக ஆகாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'கடையில் அப்போதே சொல்லிவிட்டோமே' என்று மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் ஏராளம். கடை ஊழியருக்கோ பொருள் வழங்கும் அதிகாரம் உண்டே தவிர, பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ அதிகாரம் கிடையாது.

இனி, இவ்விஷயத்தில் மிகவும் சிக்கலானதும், நம் கவனத்துக்கு மிகவும் உரியதுமான புதுமணப் பெண்ணின் நிலையைப் பார்ப்போம்.

விவாகமாகி ஒரு பெண் மதுரையிலிருந்து திருப்பூருக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் பெயர் பிறந்த வீட்டு அட்டையில் இருக்கிறது. ஒருவர் பெயர் ஒரே ஓர் அட்டையில்தான் இருக்க முடியும்; ஆதார் எண்ணோடு அட்டை இணைக்கப்பட்டிருப்பதால் இரண்டாவது அட்டையில் அதே பெயரைச் சேர்க்க முயன்றால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். ஆகவே முதலில் மதுரையில் நீக்கல். பிறகு திருப்பூரில் சேர்த்தல். நீக்குவதற்குத் திருமணச் சான்றோ திருமணப் பத்திரிகையோ வேண்டும். இவ்வளவும் காகிதத்தில் எளிது. ஆனால் இணைய வழியில் நீக்குவதற்கான ரகசிய எண் யாருடைய கைபேசிக்கு வருகிறது? பிறந்த வீட்டு அட்டையில் பதிவான எண்ணுக்கு, அதாவது பெரும்பாலும் தகப்பனாருக்கோ தமையனுக்கோ வருகிறது. அவர்கள் மனமுவந்து உடனே செய்துவிட்டால் நல்லது. அவர்களுக்கு அவகாசம் இல்லாமல் போனாலோ, பழைய கைபேசி எண் வழக்கொழிந்து போயிருந்தாலோ, 'பெண்ணின் பெயர் இங்கேயே இருக்கட்டுமே, அவசரம் என்ன?' என்ற பாசத்தினால் தாமதித்தாலோ, காதல் விவாகம் காரணமாகப் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தாலோ, அந்தப் பெண் என்ன செய்வாள்? தன் பெயரைத் தானே ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைத்துக்கொள்ளும் சுலபமான வழி அவள் கையில் இல்லை. தாலுகா ஆபீஸுக்கு நேரில் சென்று மனுக் கொடுக்கலாம்; அதற்கு அவள் திருப்பூரிலிருந்து மதுரைக்கு வர வேண்டும்.

நீக்கிய பிறகும் கவலை தீர்ந்தபாடில்லை. தம்பதிகள் தனிக்குடித்தனம் தொடங்குவதாக இருந்தால், மணமகன் பெயரும் அவன் பெற்றோர் அட்டையிலிருந்து நீக்கப்பட்டு, இருவருமாகப் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெயர் நீங்கிய நாளுக்கும் புது அட்டை கைக்கு வரும் நாளுக்கும் இடையில் இருவருமே எந்த அட்டையிலும் இல்லாதவர்கள். இந்த இடைவெளி சில வாரங்களோடு முடிந்தால் சிரமம் பெரிதன்று. ஆனால் 2023-இல், பெண்களுக்கு மாதந்தோறும் பணம் தரும் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்துக்கான பணிகள் நடைபெற்றதை ஒட்டிப் புதிய அட்டை வழங்குவதே நிறுத்தி வைக்கப்பட்டபோது, விதியை மதித்துப் பெயரை நீக்கிக்கொண்டவர்கள் மாதக் கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. விதியைப் பொருட்படுத்தாமல் பழைய அட்டையிலேயே இருந்தவர்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நேர்மைக்குத் தண்டனையும் அசட்டைக்குச் சன்மானமும் கிடைக்கும்படியான ஏற்பாடு எதுவானாலும், பிரஜைகளின் கடமையுணர்ச்சியை அது நாளடைவில் அரித்துவிடும்.

அட்டையில் பெயர் இல்லாமற்போனால் அரிசி மட்டுமா கிடைக்காது? இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது குடும்ப அட்டையைக் கேட்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் சேர்வதற்கும் அட்டையில் பெயர் இருக்க வேண்டும். பிரசவத்தில் எதிர்பாராத கஷ்டம் நேர்ந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வேளையில், புதுமணப் பெண்ணின் பெயர் கணவன் வீட்டு அட்டையில் இல்லை என்பது தெரியவருமானால் அந்தக் குடும்பத்தின் பதற்றம் எத்தகையதாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குழந்தையின் பெயரைச் சேர்ப்பது இதைவிட இலகுவானது. பிறப்புச் சான்றும் ஆதாரும் இருந்தால் போதும். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியாரே பதிவு செய்துவிடுவார்கள். ஆனால் பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு நடந்துவிடுவதால் சான்றில் பெயருக்கு உரிய இடம் காலியாக இருக்கும். அதைப் பூர்த்தி செய்துகொள்ளாமலே பெற்றோர் பலர் ஆண்டுகளைக் கடத்திவிடுகிறார்கள். பன்னிரண்டு மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். அதன் பிறகு கட்டணம் உண்டு. தாயின் பெயர் இன்னும் பாட்டி வீட்டு அட்டையிலேயே இருக்குமானால், குழந்தையை எந்த அட்டையில் சேர்ப்பது என்ற வழக்கு வேறு எழுந்துவிடும். தாயின் தாமதம் இவ்வாறு குழந்தைக்கும் தொடர்கிறது.

மரணத்தைத் தெரிவிப்பதில் ஏற்படும் தயக்கம் வேறு வகையானது. அதில் ஆசையைவிட மனவேதனையே அதிகம் என்பது என் எண்ணம். காரியங்கள் முடிவதற்குள் தகப்பனாரின் பெயரை அடித்துவிட்டு வர எந்த மகனுக்கு மனம் வரும்? தாலுகா ஆபீஸுக்குப் போய் 'நீக்கல்' என்ற படிவத்தில் கையெழுத்திடுவது இரண்டாம் முறை கொள்ளி வைப்பதைப் போல அவனுக்குத் தோன்றுகிறது. மாதங்கள் கழிகின்றன, பிறகு அது மறந்தே போகிறது. அன்றியும், பல குடும்பங்களில் ஒருவர் குறைவதால் கடையில் வாங்கும் அளவு குறைவதும் இல்லை. முன்னுரிமையற்ற அரிசி அட்டைக்கு மாதம் குறைந்தது 12 கிலோ, அதிகம் போனால் 20 கிலோ அரிசி. சர்க்கரை ஒருவருக்கு அரைக் கிலோ வீதம் அதிகபட்சம் 2 கிலோ. ஆறு பேர் உள்ள வீட்டில் ஒருவர் மறைந்தால் இந்த அளவில் மாறுதல் ஏற்படாது. மிகவும் ஏழையான குடும்பங்களுக்கு உரிய அந்தியோதயா அட்டைக்கோ எத்தனை பேர் இருந்தாலும் 35 கிலோ. முன்னுரிமை அட்டையில்தான் ஆளுக்கு ஐந்து கிலோ என்ற கணக்கு வருகிறது. ஆகவே இறந்தவர் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் எல்லாம் அரிசியைக் களவாடுகின்றன என்று குற்றம் சாட்டுவது நியாயமாகாது. பெரும்பாலும் அது சோம்பலும் துக்கமும் கலந்த தாமதமே.

ஆனால் தாமதத்தின் பலன் துக்கத்தைப் பார்த்து நிற்பதில்லை. இறந்தவர் குடும்பத் தலைவராக இருந்தால், அட்டையில் அவருடைய படமும், பதிவேட்டில் அவருடைய கைபேசி எண்ணும் இருக்கும். அந்த எண் துண்டிக்கப்பட்ட பிறகு, ரகசிய எண் வந்து சேர இடமே இல்லை. கணவனை இழந்த பெண், தன்னைக் குடும்பத் தலைவியாக மாற்றிக்கொள்ள வேண்டுமானால் இறப்புச் சான்றும் தன் புகைப்படமும் கொண்டு விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கைபேசி இயங்கிக்கொண்டிருக்கும் காலத்திலேயே இதைச் செய்துகொள்வது எவ்வளவோ சுலபம். 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பிய பெண்களில் மூத்தவளையே அட்டையின் பொருட்டுக் குடும்பத் தலைவியாகக் கொள்ள வேண்டும் என்று விதித்திருக்கிறது. அந்த விதியின் ஞானம், வீட்டில் ஒரு மரணம் நேர்ந்த பிறகுதான் நமக்கு நன்றாக விளங்குகிறது.

மரணத்தைத் தெரிவிப்பதனால் எப்போதும் இழப்பே உண்டாகும் என்பதும் தவறான எண்ணம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தில் சம்பாதிப்பவர் 18 வயதுக்கும் 59 வயதுக்கும் இடையில் இறந்துவிட்டால், தேசிய குடும்ப நல உதவித் திட்டத்தின் கீழ் ஒரே தடவையாக 20,000 ரூபாய் தரப்படுகிறது. கணவனை இழந்து ஆதரவற்று நிற்கும் பெண்ணுக்கு மாதாந்தர உதவித்தொகை உண்டு. இவற்றைப் பெறுவதற்கு இறப்புப் பதிவும் சரியான குடும்ப அட்டையும்தான் முதற்படி. இறந்தவரின் பெயரை மறைத்துக்கொண்டிருக்கும் குடும்பம், தனக்கு நியாயமாக வரவேண்டிய பெரிய உதவியைச் சிறிய லாபத்துக்காகவோ வெறும் அசட்டையினாலோ தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறது.

முதியோர் உதவித்தொகை விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை அவசியம். இந்த ராஜ்யத்தில் 1962-இல் ஆரம்பமான அந்தத் திட்டத்தில், 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய் தரப்படலாயிற்று. பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது. பெற்றவர் காலமான பிறகும், பதிவேட்டில் அவர் இருக்கும்வரை பணம் வந்துகொண்டே இருக்கும், அவருடைய ஏ.டி.எம். அட்டை பேரனிடம் இருக்கும். ஈமச் செலவுக்கு ஆயிற்று என்று எடுத்த பணமும் பின்னர் வசூலிக்கத் தக்க பணமே. ஆகவே சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் தனி வட்டாட்சியருக்கு, கிராம நிர்வாக அலுவலர் மூலமாகவாவது, உடனே தெரிவித்துவிட வேண்டும். விதவை உதவித்தொகை பெறும் பெண் மறுமணம் செய்துகொண்டால் அத்தொகை நின்றுவிடும். அதையும் தெரிவிக்க வேண்டும். மறுவாழ்வு பெறும் பெண் பழைய உதவிக்காகத் தன் விவாகத்தை மறைத்து வாழ்வதைவிட அதை வெளிப்படையாக அறிவித்துவிட்டு நிம்மதியாக வாழ்வதே மேல் என்று நான் திடமாக நம்புகிறேன்.

கணவனைப் பிரிந்து தாய்வீடு வந்த பெண்ணின் சங்கடம் வெகு காலம் தீராமலே இருந்தது. அவள் பெயர் கணவன் அட்டையில். நீக்கும் உரிமையும் கணவன் கையில். விவாகரத்துத் தீர்ப்பைக் காட்டினால்தான் தனி அட்டை. நீதிமன்றத்துக்கே போகாத, போக வசதியில்லாத ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இந்த நிபந்தனை கதவை அடைத்துவிட்டது. 2021-இல் தமிழ்நாடு அரசாங்கம், தீர்ப்பு இல்லாவிட்டாலும், நேரில் விசாரித்து உண்மை என்று கண்டால் அலுவலரே கணவன் அட்டையிலிருந்து பெயரை நீக்கி அவளுக்குத் தனி அட்டை வழங்கலாம் என்று வழி செய்தது. இதற்கு முன் நீண்ட காலம் நம் நிர்வாகம், பிரிவு என்பது நீதிபதி எழுதிய பிறகே உண்மையாகிறது என்று கருதிவந்தது. அடுப்பு இரண்டாகிவிட்டதை அடுப்பைப் பார்த்தே அறியலாம் என்ற எளிய நியாயம் பிற்பாடுதான் ஏற்கப்பட்டது. இதே நியாயத்தைப் புதுமணப் பெண்ணுக்கும் விரிவுபடுத்தினால் என்ன? புக்ககத்தில் விசாரித்து, அவள் அங்கே வசிக்கிறாள் என்று கண்ட அலுவலர், பிறந்த வீட்டாரின் கைபேசியை எதிர்பாராமல், அவளுடைய சொந்த ஆதாரையும் கைரேகையையும் கொண்டே பெயரை மாற்றித் தரலாம். நீக்கலும் சேர்த்தலும் இரண்டு விண்ணப்பங்களாக இல்லாமல் ஒரே செயலாக நிகழ வேண்டும். இடையில் அவள் அட்டையற்றவளாக ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. கடை தோறும் விரல்ரேகைக் கருவி வந்து, 2020 அக்டோபர் முதல் எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம் என்ற ஏற்பாடும் வந்துவிட்ட பிறகு, இது செய்ய முடியாத காரியமன்று.

வருமானமும் சொத்தும் பெருகுவது மற்றொரு வகை மாறுதல். 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி காஞ்சிபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்துக்கு, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள், நன்செய் ஐந்து ஏக்கர் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று வரம்புகள் வகுக்கப்பட்டன. அட்டைக்கு ஒரு பெண்ணுக்கே மாதம் 1,000 ரூபாய் என்றும் வைக்கப்பட்டது. ஒரே சமையலில் உண்ணும் மாமியாரும் மருமகளும் இரண்டு அட்டைகளாகப் பிரிந்துகொண்டால் இரண்டு தொகைகள் கிடைக்குமே என்ற ஆசை இதனால் சில வீடுகளில் எழுந்திருக்கிறது. அது பொய்யான மாறுதல். அதைச் செய்யக் கூடாது. உண்மையான மாறுதலை மறைப்பதும், இல்லாத மாறுதலைச் சொல்வதும் ஒரே குற்றத்தின் இரு பக்கங்கள். 1982-ஆம் ஆண்டின் அட்டை வழி விநியோக ஆணையும், அதற்கு ஆதாரமான 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டமும் இதற்குத் தண்டனை விதிக்க இடமளிக்கின்றன.

தண்டனையைப் பற்றிப் பேசும்போது சர்க்காரும் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. குடும்பத்தின் மாறுதல்களைக் கேட்டறியும் உரிமை எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு அயல்நாடுகளில் உதாரணங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் அலபாமா ராஜ்யத்தில், உதவி பெறும் ஏழைத் தாய் ஓர் ஆடவனோடு உறவு கொண்டிருந்தால், அவன் குழந்தைகளுக்கு ஒரு காசும் தராவிட்டாலும் அவனைத் தந்தைக்குச் சமமாக வைத்து, குழந்தைகளின் உதவியை நிறுத்திவிடும் விதி இருந்தது. யார் எப்போது வீட்டுக்கு வருகிறார்கள் என்று அதிகாரிகள் வேவு பார்க்கும் நிலையும் உண்டாயிற்று. 1968-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ஒருமனதாகத் தள்ளியது. நெதர்லாந்தில், குழந்தைப் பராமரிப்பு உதவி பெற்ற பெற்றோர் ஆயிரக்கணக்கானோர் படிவங்களில் நேர்ந்த சிறு பிழைகளுக்காக மோசடிக்காரர் என்று முத்திரை குத்தப்பட்டு, முழுத் தொகையையும் திருப்பித் தரும்படி நிர்ப்பந்திக்கப்பட்டார்கள். அந்த அநீதி வெளிப்பட்டபோது, 2021 ஜனவரியில் மந்திரிசபையே ராஜினாமா செய்தது. மறதியையும் மோசடியையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்பதை அந்த நாடு மிகுந்த விலை கொடுத்துக் கற்றது.

நம் ஊரில், அண்மையில் முன்னுரிமை அட்டைதாரர்களும் அந்தியோதயா அட்டைதாரர்களும் கடைக்கு வந்து கைரேகை வைத்துத் தம் இருப்பை உறுதி செய்ய வேண்டும் என்று அறிவிக்கப்பட்டபோது, வைக்காவிட்டால் பெயர் போய்விடும் என்ற வதந்தி பரவி, தேய்ந்த ரேகையுடைய முதியவர்கள் கலங்கிப் போனார்கள். கேட்கும் முறையில் கனிவு இல்லாவிட்டால், நேர்மையாகத் தெரிவிக்க நினைப்பவரும் அஞ்சி ஒதுங்குவார். தெரிவிப்பது கடமை என்று சர்க்கார் சொல்வதற்கு முன்பு, தெரிவிப்பதால் யாருக்கும் ஒரு மாதத்து உணவுகூடத் தவறாது என்ற உறுதியை அது தர வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு அட்டையை எடுத்து, அதிலுள்ள பெயர்களையும் வீட்டில் உள்ள முகங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவு செய்த கைபேசி எண் இன்னும் உபயோகத்தில் உள்ளதா என்று பாருங்கள். மகளை மணம் முடித்துக் கொடுத்திருக்கிறீர்கள் என்றால், அவள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே நீக்கலுக்கு விண்ணப்பித்து, அது முடிந்த செய்தியை அவளுக்குத் தெரிவியுங்கள். சந்தேகம் இருந்தால் 1967 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமையன்று வட்டந்தோறும் பொது விநியோகக் குறைதீர் முகாம் நடக்கிறது; உங்கள் வட்டத்தில் அடுத்த முகாம் எந்த ஊரில் என்று விசாரித்து, பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றில் உங்களுக்கு வேண்டிய சான்றையும் ஆதார் நகலையும் எடுத்துக்கொண்டு அங்கே போய்வாருங்கள்.